ராடு ஒட்டுகிறதா, ஓட்டை விழுகிறதா? வெல்டிங் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், தண்ணீர் கல்லணை தாண்டி வாய்க்காலுக்கு வருவதற்குள் டெல்டாவில் எல்லா வெல்டிங் பட்டறையும் நிரம்பிவிடும். சேற்றில் உழ டிராக்டரில் மாட்டும் இரும்புச் சக்கரமான கேஜ் வீலில் ஆங்கிள் விட்டுப்போயிருக்கும், டிரெய்லர் கொக்கி விரிந்திருக்கும், மதகு ஷட்டரின் அடித்தகடு அரித்துப்போயிருக்கும். பட்டறைக்காரர் "நாளைக்கு வாங்க" என்பார். அந்த நாளை நடவு முடிந்த பிறகுதான் வரும். அதனால்தான் இப்போது பல வீடுகளில் சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்று வைக்கோல் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறது. மெஷின் இருக்கிறது, ஆனால் போட்ட வெல்டிங் நிற்க மாட்டேன் என்கிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உங்கள் கோளாறு எந்தத் தலைப்பில் இருக்கிறதோ நேராக அங்கே போகலாம். அதற்கு முன் ஒன்றே ஒன்று. வெல்டிங் சரியாக விழவில்லை என்றால் எல்லாருடைய கையும் முதலில் போவது ஆம்ப்ஸ் திருகிக்குத்தான். அது கடைசியில் தொட வேண்டிய இடம். முதலில் எர்த் (மெஷினிலிருந்து வந்து இரும்பைக் கடிக்கும் கிளாம்ப்), இரண்டாவது ராடு, மூன்றாவது லைன் கரண்டு, நான்காவது இரும்பின் மேல்புறம். இந்த நான்கும் சரி என்று தெரிந்த பிறகு ஆம்ப்ஸைத் திருகுங்கள். அப்புறம் கையைக் குறை சொல்லலாம்.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

வயல் வேலைக்கும் கேட் வேலைக்கும் நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் ராடு வைத்துப் போடும் ஆர்க் வெல்டிங். ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே மின்பொறி எரிகிறது. அந்தச் சூட்டில் ராடும் உருகும், இரும்பும் உருகும், இரண்டும் கலந்து உறையும். ராடின் மேல் பூசிய மருந்து எரிந்து புகையாகி, உருகிய இரும்பில் காற்று படாமல் காக்கும். மிச்ச மருந்து கசடாக மேலே படியும். இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் கோளாறுகளில் பாதிக்குக் காரணம் உங்களுக்கே தோன்றிவிடும்.

கடையில் "ராடு" என்று மட்டும் கேட்டால் கொடுப்பது 6013. கேட், ஜன்னல் கம்பி, ஆங்கிள், ஸ்கொயர் பைப் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். பாரம் தாங்கும், அதிர்ச்சி வாங்கும் இடங்களுக்கு, அதாவது டிரெய்லர் கொக்கி, கல்டிவேட்டர் சட்டம் மாதிரியானவற்றுக்கு 7018. முதல் இரண்டு எண்கள் வலிமையைச் சொல்கின்றன: 60 என்றால் ஒரு சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 60,000 பவுண்டு இழுவிசை, 70 என்றால் 70,000.

ஆம்ப்ஸ் கணக்கு இவ்வளவுதான். 6013-ல் 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 வரை, 3.15 மி.மீ.க்கு 90 முதல் 130 வரை, 4 மி.மீ.க்கு 140 முதல் 180 வரை. ராடு பெட்டியின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். பெட்டியைக் கிழித்துப் போட்டுவிட்டு மெஷினில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

மிக் (கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும்), காஸ் (ஆக்சிஜன், அசிட்டிலீன் தீ), டிக் (டங்ஸ்டன் ஊசி, ஆர்கான் காஸ்) என்று மற்ற முறைகளும் உண்டு. அவற்றின் கோளாறுகள் பின்னால் வருகின்றன.

பொறியே வரவில்லை, அல்லது விட்டுவிட்டு வருகிறது

எர்த். வேறு எதையும் பார்க்காதீர்கள், முதலில் எர்த் கிளாம்ப் கடித்திருக்கும் இடத்தைப் பாருங்கள். கேஜ் வீல் என்றால் அதன் மேல் போன சம்பாவின் சேறு காய்ந்து ஓடாக இருக்கும். அதற்குக் கீழே துரு, துருவுக்குக் கீழே பழைய பெயின்ட். கிளாம்ப் அந்த ஓட்டின் மேல் கடித்துக்கொண்டு, பார்வைக்கு நன்றாகப் பிடித்த மாதிரியே தெரியும். கிளாம்பைக் கழற்றுங்கள். கிரைண்டரை ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு தொடு தொட்டு, வெள்ளை இரும்பு தெரிந்த இடத்தில் கடிக்க வையுங்கள். இவ்வளவிலேயே பொறி நிலையாக நிற்கும்.

நிற்கவில்லையா? கேபிள் கிளாம்புக்குள் நுழையும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள், மெஷினை அணைத்துவிட்டு. சூடாக இருந்தால் உள்ளே கம்பி இழைகள் அறுந்திருக்கின்றன, அல்லது கேபிள் நுனியில் மாட்டிய லக் தளர்ந்திருக்கிறது. ராடைப் பிடிக்கும் ஹோல்டர் பக்கமும் அப்படியே. இன்வெர்ட்டரோடு கொடுக்கும் பித்தளை முலாம் பூசிய தகரக் கிளாம்பை நான் எடுத்த எடுப்பில் தூக்கிப் போடச் சொல்லுவேன். கனமான வார்ப்புக் கிளாம்ப் ஒன்று வாங்குவது இந்த மெஷினுக்குச் செய்யும் முதல் நல்ல காரியம்.

டிராக்டரிலேயே பத்த வைக்கிறீர்கள் என்றால் இன்னொன்று. கிளாம்பை எங்கோ முன் ஆக்சிலில் மாட்டி, பின்னால் வெல்டிங் போட்டால் கரண்டு நடுவில் இருக்கும் பேரிங் வழியாகப் போகும். பேரிங் உருளைகளில் சின்னச் சின்னக் குழி விழும். இன்று தெரியாது, அடுத்த போகத்தில் சத்தம் கொடுக்கும். வெல்டிங் போடும் துண்டிலேயே, அதற்குப் பக்கத்திலேயே கிளாம்ப். பேட்டரி ஒயரையும், ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றிவிட்டுத்தான் ராடைத் தொட வேண்டும். அறுவடை இயந்திரங்களில் கம்ப்யூட்டர் பெட்டி இருந்தால் அதன் பிளக்கையும் எடுத்துவிடுங்கள்.

ராடு ஒட்டிக்கொள்கிறது

புதிதாகக் கற்பவர்களின் கோளாறு என்று இதை ஒதுக்கிவிடுவார்கள். டெல்டாவில் பல நேரம் இது லைனின் கோளாறு.

குறுவை நேரத்தில் அக்கம்பக்கத்து பம்பு செட்டு எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். வோல்டேஜ் படுத்துவிடும். மெஷின் டயல் 100 என்று காட்டும், உள்ளே அவ்வளவு வராது. இன்வெர்ட்டர் மெஷின் எந்த வோல்டேஜ் வரை தாங்கும் என்று அதன் பின்பக்கத் தகட்டில் எழுதியிருக்கும். மல்டிமீட்டரை பிளக்கில் வைத்து, இன்னொருவரை ராடு தட்டச் சொல்லி, தட்டும்போது வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். சும்மா இருக்கும்போது 220 காட்டி, தட்டும்போது 170-க்கு விழுந்தால் குற்றவாளி லைன், அல்லது உங்கள் எக்ஸ்டென்ஷன் ஒயர்.

எக்ஸ்டென்ஷன் ஒயரைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். திருவிழாவுக்கு சீரியல் பல்பு போட வாங்கிய மெல்லிய ஒயரில் வெல்டிங் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 100 ஆம்ப்ஸில் போட்டாலே வீட்டு லைனிலிருந்து சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். வீட்டிலிருந்து களம் வரை ஒயர் இழுப்பதானால் 4 சதுர மி.மீ. தாமிர ஒயர் வாங்குங்கள். ஒயரைச் சுருட்டி வைத்தபடியே ஓட்டாதீர்கள், முழுவதையும் விரித்துப் போடுங்கள். சுருளுக்குள் சூடு ஏறி உறை உருகிவிடும். வயலில் இருக்கும் இலவச மின் இணைப்பு தண்ணீர் இறைக்கத்தான். அதில் வெல்டிங் ஓட்டுவது விதிமீறல்.

லைன் சரியாக இருந்தும் ஒட்டினால், ராடு நுனியைப் பாருங்கள். மருந்து உதிர்ந்து கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும், நமுத்திருந்தாலும் ஒட்டும். அடுத்தது 7018 போடும்போது வரும் சிக்கல். அது ஹோல்டர் பிளஸ்ஸில் இருந்தால்தான் ஒழுங்காக எரியும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஏ.சி. செட்டில் சிலவற்றுக்கு அந்த ராடைப் பற்ற வைக்கும் அளவு வோல்டேஜே கிடையாது. அதில் 7018 போட்டு மல்லுக்கட்டுவது வீண்.

இவ்வளவும் சரி என்றால் கை. குத்தக் கூடாது, தீக்குச்சி கிழிப்பதுபோல் இழுத்துவிட்டு உடனே லேசாகத் தூக்க வேண்டும். ராடு கம்பியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி. ஒட்டிக்கொண்டால் பக்கவாட்டில் ஒரு முறுக்கு. வராவிட்டால் ஹோல்டரின் பிடியை விட்டுவிடுங்கள். ஆட்டிக்கொண்டே இருந்தால் மருந்து முழுவதும் உதிர்ந்து அந்த ராடு குப்பைக்குத்தான் போகும்.

மேலே அழகாக இருக்கிறது, சுத்தியால் தட்டினால் பெயர்ந்து வருகிறது

எனக்கு மிகவும் எரிச்சல் தரும் கோளாறு இது. ஏனென்றால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ராடு உருகி மேலே படிந்திருக்கிறது, அடியில் இருக்கும் இரும்பு உருகவே இல்லை.

கேஜ் வீலில் இது அடிக்கடி வரும். விளிம்பு வளையம் கனம், அதன் மேல் வைக்கும் ஆங்கிள் மெல்லிசு. சூடு இரண்டுக்கும் சமமாகப் போனால் ஆங்கிள் உருகிவிடும், வளையம் உருகாது. தீயின் பெரும்பகுதியைக் கனமான பக்கம் காட்டி, மெல்லிய பக்கத்தை நடுநடுவே தொட்டுவிட்டு வர வேண்டும். கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டியது வெளிச்சத்தை அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் குளத்தை. பளபளவென்று திரவமாக நகர்வது உருகிய இரும்பு. அதன் பின்னால் மங்கலாக, கொஞ்சம் அடர்த்தியாக மிதந்து வருவது கசடு. உருகிய குளத்தின் விளிம்பு இரண்டு பக்க இரும்பிலும் பாய்ந்து நனைத்துக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் உருண்டு நின்றால் அந்தப் பக்கம் பிடிக்கவில்லை.

பிடித்ததா என்று அறிய ஒரு சோதனை. அதே கனத்தில் இரண்டு கழிவுத் துண்டுகளை எல் வடிவில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் போடுங்கள். ஆறியதும் வைஸில் பிடித்து, வெல்டிங் போட்ட பக்கமாக மடக்கும்படி அடியுங்கள். உடைந்த முகத்தின் அடி மூலையில் பழைய இரும்பின் வெட்டுக்கோடு அப்படியே தெரிந்தால் உள்ளே இறங்கவில்லை என்று அர்த்தம். ஆம்ப்ஸ் ஏற்றலாம், ராடை இன்னும் மெதுவாக நகர்த்தலாம், 6 மி.மீ.க்கு மேல் கனமென்றால் விளிம்பைச் சாய்வாக அரைத்துக்கொள்ளலாம். திருச்சி பெல் கொதிகலன் தொழிற்சாலையிலும் துவாக்குடி பக்கத்து ஆலைகளிலும் இதை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். 1975-ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான் இருக்கிறது. நமக்கு வைஸும் சுத்தியும் போதும்.

நல்ல வெல்டிங்கின் மேல்புறம் களத்தில் நெல்லைக் காலால் தள்ளிக் கோடு இழுத்த மாதிரி இருக்கும், வரி வரியாக, ஒரே இடைவெளியில். வரிகள் கூர்மையாக நீண்டிருந்தால் வேகம் அதிகம். மேடாகக் குவிந்து உருண்டிருந்தால் சூடு போதவில்லை.

பொத்தல் பொத்தலாக இருக்கிறது

கசடைத் தட்டியதும் குண்டூசி துளைகள். உள்ளே சிக்கிய காற்றுதான் காரணம். அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கோளாறு வந்தால் முதலில் ராடைச் சந்தேகப்படுங்கள். அடைமழைக் காலத்தில் திறந்து வைத்த பெட்டியிலிருந்து ராடு தானாகவே ஈரம் குடிக்கும். கையில் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். இரண்டு ராடை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று கேட்கும், நமுத்தது மொத்தென்று கேட்கும். எரியும்போது வெடவெடத்துச் சிதறுவதும், ராடில் ஆவி கிளம்புவதும் ஈரத்தின் அடையாளம்.

6013 என்றால் சுமார் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் சரியாகிவிடும். அதற்கு மேல் வறுக்காதீர்கள். அதன் மருந்து கொஞ்சம் ஈரத்தோடுதான் ஒழுங்காக எரியும். 7018 கதை வேறு. அதன் மருந்தில் ஈரம் இருக்கவே கூடாது. 250 முதல் 350 டிகிரி வரை ராடு அடுப்பில் ஒன்று, இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். வெயிலில் காய வைத்தேன் என்பது 7018 விஷயத்தில் செல்லாது. அடுப்பு இல்லாதவர்கள் சின்னப் பெட்டியாக வாங்கி, திறந்த அன்றே முடித்துவிடுவது நல்லது. மிச்சத்தை மூடி இறுக்கமான பி.வி.சி. பைப்பில் போட்டு வையுங்கள், சாதாரண வேலைக்கு ஆகும்.

ராடு காய்ந்திருந்தும் துளை விழுந்தால் இரும்பைப் பாருங்கள். துரு, பெயின்ட், கிரீஸ், சேறு, எல்லாமே சூட்டில் காற்றாக மாறும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் பூத்த துரு மேலோட்டமாகத் துடைத்தால் போகாது. வயர் பிரஷ் அல்ல, கிரைண்டர். வெல்டிங் விழும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் வெள்ளையாக வர வேண்டும்.

பிறகு ஜி.ஐ. பைப். மேலே பூசியிருப்பது துத்தநாகம். அது 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும், இரும்போ 1,500 டிகிரி பக்கத்தில்தான் உருகும். ஆக இரும்பு உருகுமுன்பே துத்தநாகம் வெள்ளைப் புகையாகக் கிளம்பி, குளத்தைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். பூச்சை அரைத்து எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் அன்று ராத்திரி குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரும். ஓரிரு நாளில் தணியும். பால் குடித்துவிட்டு வேலை செய்தால் ஒன்றும் ஆகாது என்பார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், புகை முகத்தில் ஏறாத மாதிரி. மூச்சுத் திணறினால் ஆஸ்பத்திரி.

தட்டினால் கசடு போக மாட்டேன் என்கிறது

கசடு பிளந்து தானாகக் கழன்றால் வெல்டிங் நன்றாக இருக்கிறது. விடாப்பிடியாக ஒட்டியிருந்தால் ஆம்ப்ஸ் குறைவு, அல்லது குறுகலான வெட்டுக்குள் தடித்த ராடை நுழைத்திருக்கிறீர்கள். ஒரு வரிசை போட்டு, கசடை முழுவதும் தட்டி பிரஷ் போடாமல் அதன் மேல் அடுத்த வரிசை போட்டால் கறுப்புக் கோடு நடுவில் புதைந்துவிடும். பாரம் ஏறியதும் அங்கேதான் விடும். ராடைப் பின்புறமாகச் சாய்த்து, சுமார் 15 டிகிரி, குளத்துக்கு முன்னால் கசடு ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டை விழுகிறது, ஓரம் அரிக்கிறது

1.6 மி.மீ. ஸ்கொயர் பைப்பில் கேட் செய்பவர்கள் எல்லாரும் வந்து நிற்கும் இடம். "அண்ணே, ஆம்ப்ஸ் குறைச்சா ராடு ஒட்டுது, ஏத்தினா ஓட்டை விழுது" என்பார்கள். 3.15 ராடை வைத்துக்கொண்டு இதற்குத் தீர்வு கிடையாது. 2.5 அல்லது 2 மி.மீ. ராடுக்கு மாறுங்கள், 50 முதல் 65 ஆம்ப்ஸ். இன்வெர்ட்டராக இருந்தால் ஹோல்டரை மைனஸுக்கு மாற்றிப் போடுங்கள், 6013-க்கு ஒத்துவரும், உள்ளே பாய்வது குறையும். தொடர்ந்து இழுக்காமல் ஒரு பொட்டு வைத்து, சிவப்பு மங்கியதும் அடுத்த பொட்டு அதன் மேல் பாதி ஏறும்படி வையுங்கள். இரண்டு பைப்புக்கும் நடுவே இடைவெளி இருந்தால் எந்த ராடும் காப்பாற்றாது. வெட்டைச் சரியாக வெட்டுவதில்தான் பாதி வேலை இருக்கிறது.

வெல்டிங்கின் கரையோரம் வாய்க்கால் மாதிரி அரித்துக்கொண்டு போகிறது என்றால் ஆம்ப்ஸ் அதிகம், அல்லது ராடைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். பக்கவாட்டில் ஆட்டும்போது இரண்டு ஓரத்திலும் ஒரு நொடி நிற்க வேண்டும். நடுவில் வேகமாகக் கடக்கலாம்.

தீ ஒரு பக்கமாக ஓடுகிறது

மூலையிலோ, நீளத் தகட்டின் கடைசியிலோ தீ தானாக வளைந்து, உருகிய இரும்பை வெளியே ஊதும். டி.சி. மெஷினில் மட்டும் வரும் காந்தக் கோளாறு இது. எர்த் கிளாம்பை வேறு முனைக்கு மாற்றுங்கள், பல நேரம் உடனே அடங்கிவிடும். அடங்காவிட்டால் இடைவெளியைக் குறைத்து, ஆம்ப்ஸையும் சற்று இறக்குங்கள். பக்கத்தில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஏ.சி. செட் இருந்தால் அந்த ஒரு மூலையை அதில் முடித்துவிடலாம்.

கேட் கோணிவிட்டது

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது பக்கத்தையும் இழுக்கும். நான்கு மூலையிலும் பொட்டுப் போட்டு நிறுத்துங்கள். மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மூலையை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். இங்கே கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம். முதல் பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டு மறுபக்கம். கோணிய பிறகு தண்ணீர் ஊற்றி நிமிர்த்துகிறேன் என்று இறங்கினால் வேறு பக்கம் கோணும்.

விரிசல் விடுகிறது

போட்டு முடித்து, ஆறும்போது "டிக்" என்று ஒரு சத்தம். பார்த்தால் மயிரிழைக் கோடு. இதற்கு ஆம்ப்ஸ் காரணமல்ல. கையில் இருப்பது என்ன இரும்பு என்று கேட்காமல் போட்டதுதான் காரணம்.

கேட்கும் வழி கிரைண்டர். பொறியைப் பாருங்கள். சாதாரண மைல்டு ஸ்டீலில் பொறி நீளமாக, வெளிர் மஞ்சளாக, கோடு கோடாகப் பறக்கும். வில் பட்டை, ஷாஃப்ட் மாதிரி கார்பன் கூடிய எஃகில் பொறி நுனியில் கிளை விட்டுப் பூவாக வெடிக்கும். வார்ப்பிரும்பில் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பாக, சக்கரத்தின் பக்கத்திலேயே அடங்கிவிடும். துளை போட்டுப் பார்த்தால் மைல்டு ஸ்டீல் சுருளாக வரும், வார்ப்பிரும்பு தூளாகக் கொட்டும்.

கார்பன் கூடிய எஃகு என்றால் 6013-ஐ ஓரமாக வைத்துவிடுங்கள். காய்ந்த 7018, போடும் முன் சூடு, போட்ட பின் மெதுவாக ஆறவிடுதல், இந்த மூன்றும் வேண்டும். ஆறவிட நம் ஊரில் இருப்பதைவிட நல்ல பொருள் கிடையாது: ரைஸ் மில்லில் கேட்டால் மூட்டையில் அள்ளித் தரும் உமிச் சாம்பல். சூட்டோடு அதில் புதைத்துவிட்டு மறுநாள் எடுங்கள். ரொட்டவேட்டர் பிளேடை மட்டும் பத்த வைக்காதீர்கள். கடினமாக்கிய எஃகு அது, வேகமாகச் சுற்றும்போது துண்டு தெறித்தால் காலை எடுக்கும். போல்ட்டைக் கழற்றிப் புதிது போடுங்கள்.

வார்ப்பிரும்புக்கு வருவோம். பம்பு செட்டின் கேசிங் விரிந்திருக்கிறது, நாற்றங்கால் காய்கிறது, புது கேசிங் வரச் சில நாள் ஆகும். அப்போது செய்யக்கூடியது இது. விரிசலின் இரண்டு முனைகளையும் கண்டுபிடியுங்கள். மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் தூள் தூவினால் விரிசல் ஈரக்கோடாகத் தெரியும். மண்ணெண்ணெய் வாசனை போகத் துடைத்துக் காயவிட்ட பிறகுதான் அடுத்த வேலை. கண்ணில் படும் கடைசிப் புள்ளிக்குச் சற்றுத் தள்ளி 3 மி.மீ. துளை போடுங்கள், விரிசல் மேலே ஓடாது. நடுவே வி வடிவில் அரையுங்கள். நிக்கல் ராடு, விலை அதிகம்தான், எண்ணி நாலு வாங்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு அங்குலம், அதற்கு மேல் இல்லை. போட்டவுடன், சிவப்பு இருக்கும்போதே, உருண்டை முகச் சுத்தியால் லேசாகத் தட்டிக்கொண்டே இருங்கள். சுருங்கி இழுப்பதை அந்தத் தட்டல் தளர்த்தும். கை வைத்துத் தாங்கும் அளவு ஆறட்டும். அப்புறம் எதிர்ப்பக்கத்தில் அடுத்த அங்குலம். "ஒரே மூச்சுல முடிச்சுடுப்பா" என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்துவார். டீ குடித்துவிட்டு வரச் சொல்லுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றினால் பக்கத்தில் இன்னொரு விரிசல் உறுதி.

காஸ் செட் வைத்திருக்கும் பழைய பட்டறை பக்கத்தில் இருந்தால் வேறு வழியும் உண்டு. வெங்காரம் போட்டு பித்தளைக் கம்பியில் பற்ற வைப்பது. வார்ப்பிரும்பை உருக்காமலே பிடிப்பதால் விரிசல் பயம் குறைவு. அழுத்தம் அதிகமில்லாத கேசிங்குக்கு நான் இதைத்தான் முதலில் கேட்பேன்.

மிக் மெஷினில் போட்டால் புழு அரித்த மாதிரி வருகிறது

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், கார்பன் டை ஆக்சைடு எந்த மூலைக்கு? மிக்கில் உருகிய இரும்பைக் காப்பது காஸ் மட்டும்தான். நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் வைத்திருந்தாலும் திறந்த களத்தில் காற்று அடித்தால் அது நிற்காது. தார்ப்பாய் கட்டி மறையுங்கள், மேலே சுற்றும் ஃபேனை அணையுங்கள். காஸைக் கூட்டிக்கொண்டே போனாலும் தப்பு, சுழன்று வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்.

ஆன்லைனில் வாங்கிய, காஸ் தேவையில்லாத மிக்கில் ஏகமாகச் சிதறுகிறதா? உள்ளே மருந்து அடைத்த அந்தக் கம்பிக்கு டார்ச் மைனஸில் இருக்க வேண்டும். சாதாரணக் கம்பிக்கு பிளஸ். மூடியைத் திறந்தால் மாற்றும் இணைப்பு உள்ளேயே இருக்கும்.

ஸ்டீல் கைப்பிடி போடும் டிக்கில் டங்ஸ்டன் ஊசி கறுத்தால் ஆர்கான் போதவில்லை. நுனி உருண்டால் இரும்பைத் தொட்டிருக்கிறது, அல்லது ஹோல்டர் பிளஸ்ஸில் மாட்டியிருக்கிறது.

காஸ் டார்ச் "பட் பட்" என்று வெடிக்கிறது

நாசில் அடைப்பு, இரும்பை ஒட்டிப் பிடித்தல், அழுத்தம் குறைவு, இந்த மூன்றில் ஒன்று. தீ உள்ளே போய் "உஸ்" என்று சீறினால் உடனே டார்ச்சில் ஆக்சிஜனை மூடுங்கள், அடுத்து அசிட்டிலீனை. கறுப்பு சிலிண்டர் ஆக்சிஜன், மெரூன் நிறம் அசிட்டிலீன். மெரூனைப் படுக்க வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் அசிட்டோன் வெளியே வரும். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் மரை இறுகிவிட்டது என்று ஒரு சொட்டு எண்ணெய் விடுவது நெருப்பை அழைத்து உட்கார வைக்கிற வேலை. கசிவு பார்க்க சோப்புத் தண்ணீர்.

கை சுரீர் என்கிறது, கண் கரகரக்கிறது

ஷாக் லேசாகத் தெரிந்தாலும் வேலையை நிறுத்துங்கள். சேற்றில் நின்றுகொண்டு, வியர்த்த கையோடு ராடு மாற்றும்போது ஹோல்டரில் இருக்கும் 60, 70 வோல்டே ஆளைச் சாய்க்கப் போதும். காய்ந்த பலகை மேல் நின்று, காய்ந்த தோல் கையுறையோடு மாற்றுங்கள். மெஷின் உடம்பைத் தொட்டால் அடிக்கிறது என்றால் பிளக்கின் மூன்றாவது கம்பி எர்த்துக்குப் போகவில்லை. எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை அந்த மெஷின் ஓடக் கூடாது. எர்த் கிளாம்புக்கும் இந்த எர்த்துக்கும் சம்பந்தம் இல்லை, ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்காதீர்கள்.

கண்ணில் மணல் போட்ட மாதிரி ராத்திரியில் கரகரப்பு வந்தால், பகலில் தீயைப் பார்த்ததன் விளைவு. ஆறு மணி நேரம் கழித்துக்கூட வரும். தாய்ப்பால், உருளைக்கிழங்கு எல்லாம் வைக்காதீர்கள். கண் டாக்டரிடம் போங்கள், பெரும்பாலும் ஓரிரண்டு நாளில் தெளியும். 100 ஆம்ப்ஸ் அளவு வேலைக்கு 10 அல்லது 11-ம் நம்பர் கண்ணாடி. கூலிங் கிளாஸ் கணக்கில் வராது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை முதலில் விரட்டுங்கள்.

அறுவடை இயந்திரத்தில் போடுவதானால் உள்ளே சிக்கிய வைக்கோலையும் பதரையும் முழுவதும் ஊதி எடுங்கள். ஈரச்சாக்கும் ஒரு குடம் தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும். முடித்த பிறகும் அரை மணி நேரம் இடத்தை விட்டுப் போகாதீர்கள். பதருக்குள் கனல் பதுங்கியிருந்து பிறகு கிளம்பும்.

பத்த வைக்கவே கூடாத இடங்கள்

டீசல் டேங்க், காலியாக இருந்தாலும். உள்ளே தங்கிய ஆவிதான் வெடிப்பது. இரண்டு பக்கமும் மூடிய பைப்பை அப்படியே சூடாக்காதீர்கள், முதலில் ஒரு துளை போடுங்கள். டிராக்டரின் ஸ்டீயரிங் இணைப்புத் தண்டு உடைந்தால் புதிது வாங்குங்கள். ரைஸ் மில்லின் நெல் அவிக்கும் கொதிகலன் குழாயில் கசிவு என்றால் உங்கள் மெஷினை வெளியே எடுக்காதீர்கள். அது 1950-ன் இந்தியக் கொதிகலன் விதிகளுக்குள் வருகிற வேலை, அதற்குத் தேர்வு எழுதிச் சான்று வாங்கிய வெல்டர்கள் திருச்சி பக்கம் நிறையவே இருக்கிறார்கள். மில்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அவர்களில் ஒருவரை வரச் சொல்லுங்கள்.